கீழப்பழுவூர் ரோட்டில் ஒரு நீலச் செவ்வகம்

அரூப வெளிப்பாட்டியம் என்னும், நியூயார்க்கில் தொடங்கிய உலகக் கலை இயக்கத்தை முடித்துவைக்கப் போகிறவன் திருமானூரில் பிறந்து, பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறான் என்பது உலகத்துக்கு அப்போது தெரியாது. அறிவரசனுக்குத் தெரியும். அதை அவன் கல்லூரி பஸ்ஸின் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், ஓடுகிற பஸ்ஸுக்கு அறிவித்தான்.

"நியூயார்க்ல இவ்ளோ வருஷமா ஏமாத்திக்கிட்டு இருக்காங்க. யாராவது ஒருத்தன் நிறுத்தணும்ல. நான் நிறுத்திடறேன்."

"எப்ப நிறுத்துவ?" என்று கேட்டான் பாலாஜி. அவன் அறிவரசனின் வகுப்புத் தோழன், கேமராமேன், வேறு வேலை இல்லாத ரசிகன்.

"செமஸ்டர் முடியட்டும்."

பஸ் சிரித்தது. அறிவரசன் சிரிப்பை வாங்கிக்கொள்ளாமல், இடதுபக்க ஜன்னல் சீட்டைப் பார்த்தான். அங்கே சோபியா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

பிரச்சினை அதுதான். பஸ்ஸில் நாற்பது பேர் சிரித்தாலும் அவனுக்குக் கணக்கில் வருவது ஒரு சிரிப்பு. முதல் வருஷத்தில் அவன் சொன்ன முதல் நகைச்சுவைக்கு முதலில் சிரித்தவள் சோபியா. அவள் சிரிப்பு உடனே வராது. பழைய டீசல் மோட்டாரை இழுத்துவிட்டதுபோல் முதலில் இரண்டு இருமல் வரும். நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது பிடித்துக்கொண்டு ஓடும். ஓட ஆரம்பித்தால் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்காது. அந்த இரண்டு இருமலுக்காகவே அறிவரசன் ராத்திரியெல்லாம் நகைச்சுவை யோசித்தான்.

போன கோடையில் அவளுடைய அண்ணன் செபஸ்டின் வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அரியலூர்ப் பக்கம் அப்படிச் சாவது புதிதல்ல என்பதால் ஒரு நாள் மறியல் நடந்தது, மறுநாள் லாரி ஓடியது. சோபியா ஒரு மாதம் கழித்துக் கல்லூரிக்கு வந்தாள். எல்லாரோடும் பேசினாள். பென்சில் கேட்டால் கொடுத்தாள். சிரிக்க மட்டும் இல்லை.

பரீட்சை முடிந்ததும் மேல்படிப்புக்குச் சென்னை போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவளை ஒரே ஒரு தடவை சிரிக்க வைத்துவிட வேண்டும். நியூயார்க்கை நிறுத்துவதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

அன்றைக்குக் காலையில் செமினார் அவளுடையது. தலைப்பை அவளே கேட்டு வாங்கியிருந்தாள்: அரூப வெளிப்பாட்டியமும் நவீன ஓவியத்தில் அதன் தாக்கமும். கண்ணகி மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, சோபியா புரொஜெக்டர் வெளிச்சத்தில் பாதி முகத்தோடு நின்று சொன்னாள். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். ஊர்களெல்லாம் எரிந்து கிடக்கையில் பழத்தட்டையும் குதிரையையும் அப்படியே வரைந்துகொண்டிருக்க சிலருக்குக் கை வரவில்லை. ஜாக்சன் பொல்லாக் துணியைத் தரையில் விரித்துச் சுற்றி நடந்து பெயின்ட்டைச் சொட்டவிட்டார், வீசினார். மார்க் ராத்கோ ஆளுயரத் துணியில் இரண்டு மூன்று வண்ணப் பட்டைகளை மட்டும் மிதக்கவிட்டார். என்ன வரைந்திருக்கிறது என்பது போய், வரைந்த கை எப்படிப் போனது என்பதே படமாயிற்று. பிற்பாடு வந்தவர்கள் அதை ஒத்துக்கொண்டு வரைந்தார்கள் அல்லது அதோடு சண்டை போட்டு வரைந்தார்கள். நம் நாட்டிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

"ராத்கோ படத்து முன்னாடி நின்னு அழுதவங்க நிறைய பேர் இருக்காங்க" என்றாள் சோபியா.

பிறகு தன்னுடைய புராஜெக்டைக் காட்டினாள். மூன்று படங்கள். மூன்றும் நீலம். சாதாரண நீலம்தான், மோட்டார் ரூமுக்கு அடிக்கிற நீலம். மூன்றிலும் வலது ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு நீலம் வெளுத்திருந்தது. வெளுத்த இடத்துக்குக் கீழே என்னவோ கறுப்பாக ஒரு கிறுக்கல்.

கேள்வி நேரம் வந்தது. அறிவரசன் எழுந்து நின்றான்.

"மேடம், ஒரு சந்தேகம். இதுல எந்தப் பக்கம் மேல?"

வகுப்பு சிரித்தது.

"இன்னொண்ணு. முன்னாடி நின்னு அழுதாங்கன்னு சொன்னாங்க. டிக்கெட் வெலையப் பாத்து அழுதுருக்கலாம்ல?"

வகுப்பு இன்னும் சிரித்தது. அறிவரசன் அதோடு விடவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து, கையில் இல்லாத டப்பாவிலிருந்து இல்லாத பெயின்ட்டைத் தோளோடு சேர்த்து வீசினான். இரண்டடி பின்னால் போனான். தலையைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து உருகினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணகி மேடமே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

சோபியா புரொஜெக்டரை அணைத்தாள்.

"பாக்கறதுக்குக் கொஞ்ச நேரம் நிக்கணும் அறிவு" என்றாள். "நீ நிக்க மாட்ட."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போல் இருந்தது. கரண்ட் போன தகவலைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்த வாரமே தேர்தல் தேதியை அறிவித்தார்கள். அறிவித்த மறுநாளிலிருந்து சுவர்களில் கட்சிக்காரர்கள் எழுதியதையெல்லாம் அழிக்க வேண்டும் என்பது விதி. அறிவரசனின் தாய்மாமன் முத்தமிழ்செல்வன் பெயின்டிங் கான்ட்ராக்டர். ஐந்து வருஷம் சுவருக்குச் சுவர் இடம் பிடித்து, இது இன்ன கட்சிக்கு முன்பதிவு என்று எழுதி, தலைவர்களை வரவேற்று, வாழ்த்தி, வணங்கி வைத்திருப்பதையெல்லாம் ஒரே வாரத்தில் சுண்ணாம்பால் மூடுகிற வேலை அவருக்கு வந்தது. ஆள் பற்றாக்குறை. சனிக்கிழமை அறிவரசனைக் கூப்பிட்டார்.

"ஒரு பக்கெட், ஒரு மட்ட. கட்சி பேரு, சின்னம் எது கண்ணுல பட்டாலும் அடிச்சு மூடிட்டுப் போயிக்கிட்டே இரு. நின்னு படிச்சிக்கிட்டு இருக்காத."

அறிவரசன் முதல் சுவரை அடித்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தான். அழுக்குச் சுவருக்கு நடுவில் வெள்ளையாக ஒரு செவ்வகம். ஓரங்கள் மங்கி, மிதக்கிற மாதிரி இருந்தது. அவனுக்கு அப்போதுதான் வாழ்க்கையில் என்ன செய்ய வேண்டும் என்பது புலப்பட்டது. பாலாஜிக்குப் போன் போட்டான்.

'அரியலூர் மாவட்டத் திறந்தவெளி நவீன கலைக்கூடம்' என்ற பெயரில் அன்றைக்கே ரீல்ஸ் வர ஆரம்பித்தது. அறிவரசன் கையில் சுண்ணாம்பு மட்டையோடு, இழவு வீட்டில் பேசுகிற குரலில், ஒவ்வொரு வெள்ளைச் செவ்வகத்தையும் அறிமுகப்படுத்தினான். "படைப்பின் பெயர், பெயரிடப்படாதது. காலம், நடத்தை விதி அமலுக்கு வந்த பிறகு. இதில் கலைஞர் தன் தனிமையைச் சொல்கிறார். இடதுபக்கம் ஒழுகியிருப்பது அவர் கண்ணீர் அல்ல, சுண்ணாம்பில் தண்ணி ஜாஸ்தி." ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு உருகினான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டமும் அதைப் பகிர்ந்தன. வாலிகண்டபுரத்திலிருந்து ஒருவர் தன் வீட்டுச் சுவரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தார்.

ஒவ்வொரு ரீலையும் அவன் சோபியாவுக்குத் தனியாக அனுப்பினான். அவள் எதையும் திறக்கவில்லை.

சாயங்காலம் கீழப்பழுவூருக்கு முன்னால் ரோட்டோரத்தில், மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில் குடோன் சுவருக்கு வந்தார்கள். அங்கே பெரிய எழுத்து எதுவும் இல்லை. மேலே மூலையில் முன்பதிவு என்று ஒரு கட்சியின் பெயரோடு சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே சுவர் முழுக்க நீலம். யாரோ எழுத்து எழுதுவதற்காகத் தளம் அடித்துவிட்டு எழுதாமலே போயிருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு கோட்டு, அதாவது ஒரே ஒரு பூச்சு மட்டும் அடித்து விட்டதால் வெளுத்திருந்தது. வலதுபக்கம் கீழே கறுப்பில் 'அடைக்கலம் ஆர்ட்ஸ்' என்றும் ஒரு போன் நம்பரும். சுவர் எழுதுகிறவர்கள் தளம் அடித்ததுமே பெயரையும் நம்பரையும் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் மறுநாள் வருவதற்குள் வேறு ஒருவன் வந்து அந்தத் தளத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவான்.

அடைக்கலம் என்ற பெயர் அறிவரசனுக்கு எதையும் சொல்லவில்லை. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலைச் சுற்றி மளிகைக்கடை முதல் பஞ்சர்கடை வரை பாதிக்கு அந்தப் பெயர்தான்.

"பாலாஜி, ஓடவிடு."

கேமரா ஓடியது.

"நேயர்களே, நமக்கு முன்பே இங்கே ஒரு மேதை வந்து போயிருக்கிறார். பாருங்கள், நீலச் செவ்வகம். இது நியூயார்க்கில் இருந்திருந்தால் பக்கத்தில் ஒரு காவலர் நின்றிருப்பார். இங்கே நான் நிற்கிறேன்." மட்டையைப் பக்கெட்டில் முக்கி, ஓங்கி அடித்தான். நீலத்தின் மேல் வெள்ளை குறுக்காக இறங்கியது. அடித்துக்கொண்டே போய், கடைசியில் அந்தப் போன் நம்பருக்கு வந்தான். கேமராவை அருகில் வரச்சொன்னான். ஒவ்வொரு எண்ணாக உரக்க வாசித்து, வாசித்த எண்ணை அழித்தான். "கலைஞருக்கு வருத்தமென்றால் என்னைக் கூப்பிடலாம். நேயர்களுக்கு வருத்தமென்றால் கலைஞரைக் கூப்பிடலாம்."

பாலாஜி கேமரா ஆடுகிற அளவுக்குச் சிரித்தான். போட்டதிலேயே அதிகம் ஓடிய ரீல் அதுதான்.

திங்கட்கிழமை காலை பஸ் திருமானூருக்கு வந்தபோது சோபியா வழக்கமான ஜன்னல் சீட்டில் இருந்தாள். பையன்கள் அறிவரசனைக் கைதட்டி ஏற்றினார்கள். அவன் தேர்தலில் ஜெயித்தவன்போல் கும்பிட்டுக்கொண்டே வந்தான். அவள் திரும்பவில்லை. பஸ் கீழப்பழுவூரை நெருங்கும்போது எழுந்து டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, அந்தக் குடோன்கிட்ட நிறுத்துங்க."

பஸ் நின்றது. இறங்கும்போது அவள் அறிவரசனைப் பார்த்தாள்.

"நீயும் எறங்கு."

பஸ்ஸில் ஒருவன் விசிலடித்தான். அறிவரசன் இறங்கினான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே இரண்டு லாரிகள் போயின. எல்லாம் அடங்கியபோது அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவரசனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"காண்டாயிட்டியா?" என்றான்.

"எங்க அண்ணன் அடிச்சது."

அவனுக்கு உடனே புரியவில்லை.

"உங்கண்ணன் பெயின்டர்னுதான சொன்ன. நான் வூட்டுக்கு அடிக்கிறவருன்னு..."

"சுவர் எழுதுவான். போர்டு எழுதுவான். அன்னைக்கு இங்க நீலம் அடிச்சிக்கிட்டு இருந்தான். இந்த ஓரத்துக்கு ரெண்டாவது கோட்டு அடிக்கக் கலர் பத்தலன்னு போன் பண்ணான். நாளைக்கு வந்து அடிச்சிட்டு எழுத்து எழுதறேன், இப்பக் கெளம்பிட்டேன், அம்மாட்ட சோறு வைக்கச் சொல்லுன்னான்." அவள் கையை நீட்டி ரோட்டைக் காட்டினாள். "அந்த வளைவு தாண்டல."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கட்சிக்காரங்க வேற சுவரு புடிச்சிட்டாங்க. இது இப்படியே கெடந்துச்சு. வருஷம் பூரா பஸ்ல வரும்போது பாத்துக்கிட்டு வந்தேன். மூணு தடவ வரைஞ்சேன்." முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் மேலன்னு கேட்ட."

அறிவரசன் சுவரைப் பார்த்தான். படத்தையும் பார்த்திருக்கிறான், சுவரையும் பார்த்திருக்கிறான். ஒரே வாரத்தில். வெளுத்த அந்த ஓரம், கீழே அந்தக் கறுப்பு. மூன்று அடி தூரத்தில் நின்று, எண்ணெண்ணாக வாசித்திருக்கிறான்.

"அந்த நம்பரு..." என்றான்.

"அண்ணன் போனுதான். அம்மா ரீசார்ஜ் பண்ணி வச்சிக்கிட்டு இருக்கு."

"யாராவது கூப்ட்டாங்களா?"

"சனிக்கெழம ராத்திரிலேர்ந்து கூப்டுறாங்க. 'அண்ணே, ஒங்க நீலத்தக் காணோம்ணே'ன்னு. 'ஆர்ட்டிஸ்ட் இருக்காரா'ன்னு."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

சோபியா பையின் பட்டையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"வேலைக்குப் போயிருக்கான், வந்தா சொல்றேன்னு சொல்லுது. எல்லார்ட்டயும். போனை மடிலயே வச்சிக்கிட்டு இருக்கு. ஒரு வருஷமா அவன யாரும் கேக்கலல்ல."

"அம்மாவுக்கு..."

"அதெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. தெரிஞ்சுதான் சொல்லுது." அரியலூர் பஸ் வருவதைப் பார்த்து அவள் கையைக் காட்டினாள். "நேத்து ராத்திரி கேக்குது, ஏன்டி கொஞ்ச நேரமா யாரும் கூப்புடலன்னு."

அவள் ஏறிப்போனாள். அவனை ஏறச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ரீலை அங்கேயே நின்று அழித்தான். அதை ஏற்கெனவே பலர் இறக்கி வைத்திருந்ததால் அழித்ததற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. பிறகு, படித்த பையன்கள் நெருக்கடியில் செய்கிற காரியத்தைச் செய்தான். யோசிக்காமல் வேலையில் இறங்கினான். கீழப்பழுவூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பட்டி பார்க்கிற தகடு வாங்கிக்கொண்டு வந்து, சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தான். சுண்ணாம்பு பெயர்ந்தது. கூடவே நீலமும் பெயர்ந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிமென்ட் பல்லிளித்தது. பதறி, இன்னும் மெதுவாகச் சுரண்டினான். மெதுவாகப் பெயர்ந்தது. கால்மாட்டில் நீலச் செதில்கள் உதிர்ந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதற்கென்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மாலையில் முத்தமிழ்செல்வன் அந்த வழியாக வந்தவர், வண்டியை நிறுத்திச் சுவரைப் பார்த்தார்.

"என்னடா அறிவு, சுவத்தச் சொறிஞ்சு வச்சிருக்க?"

"சும்மா மாமா."

"ஒரு கோட்டுதான் அடிச்சிருக்க நீ. தண்ணியாட்டம். மழ பேஞ்சா நனஞ்சு உள்ள இருக்கறது அப்படியே தெரியும். போன எலெக்‌ஷன்ல அப்படித்தான், ஒரு மழைல எல்லாத் தலைவரும் எந்திரிச்சு வந்துட்டாங்க. ஆபீஸரு என்னத்தான் புடிச்சாரு. நாளைக்கு ரெண்டாவது கோட்டு கெட்டியா போட்டு வுடு."

"நனஞ்சா தெரியுமா மாமா?"

"சுண்ணாம்பு நனஞ்சா கண்ணாடிடா. காயற வரைக்கும். இது தெரியாமத்தான் ரெண்டு நாளா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியா?"

"போட்டுடறேன் மாமா" என்றான் அறிவரசன். "மேல மூலைல கட்சி பேரு இருக்குல்ல, அங்க கெட்டியா போட்டுடறேன்."

அன்றைக்கே மேல் மூலையில் கெட்டியாகப் போட்டான். மற்ற இடத்தில் மட்டையை வைக்கவில்லை. இரண்டு கோட்டும் முடிந்தது என்று மாமாவிடம் போனில் பொய் சொன்னான். மாமா நம்பினார். அவனை நம்பி ஒருவர் இருப்பது அன்றைக்கு அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம். கேமராவுக்கு முன்னால் வாசித்த நம்பர் ஆயிற்றே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, போட்டான். மணி ஒரு தடவைதான் அடித்தது.

"அலோ, அடைக்கலம் ஆர்ட்ஸ்." சோபியாவின் அம்மா இன்னாசிமேரியின் குரல் கனிவாக, வியாபாரமாக இருந்தது.

"அம்மா..."

"சொல்லு தம்பி. அவன் வேலைக்குப் போயிருக்கான். சுவரா, போர்டா?"

அவன் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மூன்று விதமும் போய்விட்டன.

"சுவரும்மா."

"எந்தூரு?"

"கீழப்பழுவூருக்கு இந்தப் பக்கம். ரைஸ்மில் குடோன் சுவரு."

போனில் எங்கோ கோழி கத்துவது மட்டும் கேட்டது.

"அது அவன் ஏற்கெனவே புடிச்ச சுவராச்சே" என்றாள்.

"தெரியும்மா."

"என்ன எழுதணும்?"

"எழுத்து ஒண்ணும் வேணாம்மா. நீலம் இருந்தாப் போதும்."

"அந்த ஓரம் இன்னொரு கோட்டு அடிக்கணும்னு சொன்னான்."

"அது அப்படியே இருக்கட்டும்மா."

"சரி. வந்தா சொல்றேன். தம்பி பேரு என்ன?"

"அறிவரசன்."

"சோபியா காலேஜா?"

"ஆமாம்மா."

அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தான். திட்டினால் முடிந்துவிடும் என்று இருந்தது.

"சாப்டியாப்பா?" என்றாள் இன்னாசிமேரி. "நேரத்துக்குச் சாப்புடு. ரோட்ல பாத்துப் போ." வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அறிவரசன் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கவில்லை. மாமாவின் மொபெட்டில் ஒரு பக்கெட்டும் ஒரு மக்கும் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னாலேயே குடோனுக்கு வந்து சேர்ந்தான். பக்கத்து வயல் மோட்டாரில் தண்ணீர் பிடித்துத் தூக்கி வந்தான். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. சுவர் பளீரென்று, ஒன்றுமே தெரியாத மாதிரி நின்றது.

முதலில் பக்கெட்டோடு கவிழ்த்துப் பார்த்தான். தண்ணீர் ஒரே இடத்தில் வழிந்து மண்ணுக்குள் போயிற்று. கையால் தெளித்தான். எட்டவில்லை. மக்கில் மொண்டு, காலை அகட்டி, தோளோடு சேர்த்து வீசினான். அது எட்டியது. வகுப்பில் செய்து காட்டிய அதே வீச்சு என்பது வீசிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. வேறு விதமாக வீச முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை. அந்த உயரத்துக்கு எட்ட வேண்டுமானால் கை அப்படித்தான் போக வேண்டியிருந்தது.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர் பட்ட இடங்களில் வெள்ளை சாம்பலாயிற்று. சாம்பலுக்குள்ளிருந்து நீலம், யாரோ கதவைத் தயங்கித் திறப்பதுபோல், வந்தது. வீசிய வளைவு வளைவாக வந்தது. அவன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடி ஓடி வீசினான். நீலம் சேர்ந்தது. வலது ஓரத்து வெளுப்பு வந்தது. கீழே அடைக்கலம் ஆர்ட்ஸ் வந்தது, நம்பர் வந்தது. அவன் சுரண்டிய இடம் மட்டும் சிமென்ட்டாகவே இருந்தது. அதற்கு எவ்வளவு தண்ணீர் வீசினாலும் வருவதற்கு ஒன்றும் இல்லை.

திருமானூர்ப் பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி கடைசி மக்கை வீசினான்.

பஸ் அந்த இடத்தில் எப்போதும்போல் வேகத்தைக் குறைத்தது. வளைவு இருப்பதால் எல்லா வண்டியும் குறைக்கும்.

"டேய், அறிவுடா. சுவத்துக்குத் தண்ணி ஊத்துறான்டா" என்று பாலாஜியின் குரல் கேட்டது. "மாப்ள, வெளைஞ்சா சொல்லு, அறுக்க வரோம்."

பஸ் சிரித்தது. ஜன்னல்களில் போன்கள் நீண்டிருக்கும், படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ராத்திரிக்குள் இரண்டு மாவட்டமும் பார்த்துவிடும். அவன் திரும்பவில்லை. திரும்பினால் இடதுபக்க ஜன்னலைப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே இருக்கிற முகம் எப்படி இருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு அவனிடம் இல்லை. சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் இரண்டு இருமல் கேட்ட மாதிரி இருந்தது. டிரைவர் கியர் மாற்றியதாகவும் இருக்கலாம். பஸ் வளைவைத் தாண்டிப் போயிற்று.

இனி வேலை இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்து மொபெட்டில் மாட்டினால் அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் பெரம்பலூர் போய்விடலாம், முதல் பீரியட் கண்ணகி மேடம், அட்டென்டன்ஸ் வேறு குறைவு. மேலே இடதுபக்கம் நீலம் காய ஆரம்பித்திருந்தது. வெள்ளை திரும்பி வந்துகொண்டிருந்தது.

அறிவரசன் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆள், சட்டையெல்லாம் நனைந்து நிற்கிற பையனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்குற? ஒண்ணுமில்லயே அங்க."

"ஒண்ணுமில்லங்க" என்றான்.

அவர் போய்விட்டார். அறிவரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வெளுத்த அந்த ஓரம் கடைசியாகக் காய்ந்தது. அது காய்கிற வரைக்கும் நின்றான்.